இடுப்புயரப் பாத்தி

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் கிடையாது. ஓசியார் என்றால்தான் தெரியும். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், அந்த மட்டும் மரியாதை. எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனுஷர்கள் எத்தனையோ பேர் உண்டு. இவர் அந்த ரகத்தையும் தாண்டியவர். எச்சில் கையைக் கழுவுகிற தண்ணீரைக்கூட அடுத்த வீட்டுக் குழாயில் பிடிக்க முடியுமா என்று பார்ப்பார். பேருந்துப் பணிமனையில் உதிரிப்பாகக் கிடங்கைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவர். புது நட்டு ஒன்று கேட்டு யாராவது போனால், பழைய நட்டைக் கொண்டுவந்து காட்டு என்பாராம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அந்தக் கிடங்குப் புத்தியையும் பத்திரமாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அவருக்கு வாழ்க்கைப்பட்டவள் தையல்காரம்மா. முன்னறையில் ஒரு கால் மிஷின், சுவரில் ஆளுயரக் கண்ணாடி, மேஜைக்கடியில் வெட்டுத்துணி மூட்டை. அந்த மிதியை மிதித்து மிதித்துத்தான் மகனைப் படிக்கவைத்து வேலைக்கு அனுப்பினாள். "ஒரு மோட்டார் வச்சுக் குடுங்க, முழங்கால் விண்ணு விண்ணுனு தெறிக்குது" என்று அவள் கேட்காத வருஷமில்லை. "கால் இருக்கும்போது மோட்டார் எதுக்கு?" என்பார் ஓசியார். கால்தான் சும்மா கிடைத்ததாயிற்றே, மிதிக்க வேண்டியதுதானே! மிதித்தாள். கடைசியில் மகன் பார்த்துப் பொறுக்காமல் ஒரு மோட்டாரை வாங்கிப் பூட்டிவிட்டுப் போனான். அதற்குள் முழங்கால் இரண்டும் தேய்ந்து போயிருந்தன. தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும், குனிந்தால் நிமிரச் சுவர் வேண்டும்.

முழங்கால் போனதில் அவளுக்கு வேறெதையும்விடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. பின்பக்கச் சுவரோரம் இருந்த ஒரு துண்டு மண்ணில் அவள் வருஷம் தவறாமல் அவரைக்கொடி போடுவாள். அது அவளுடைய தங்கச்சி கொடுத்த விதை. ஊதாப் பூ, ஊதா விளிம்பு வைத்த காய், கறுப்பு விதையில் ஓரமாய் ஒரு வெள்ளைக் கோடு. "எடுத்துட்டுப் போக்கா, மாமா ஓசியில குடுத்தா எதையும் வேண்டாங்க மாட்டாரே" என்று சிரித்துக்கொண்டே ஒரு கை அள்ளிக் கொடுத்தவள் அந்தத் தங்கச்சி. அந்தக் கை இப்போது இல்லை. நாலைந்து மாதம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தாள். அவள் குடியிருந்த வீட்டையும் இடித்துவிட்டார்கள், கொடி படர்ந்திருந்த வேலியும் அதோடு போயிற்று. மிச்சம் இருந்தது தையல்காரம்மாவின் மிஷின் இழுப்பறையில், பொத்தான் போட்டுவைக்கிற தகர டப்பாவில் இருந்த விதைகள் மட்டும்தான்.

கால் மடங்காமல் போனதிலிருந்து அதையும் அவள் போடவில்லை. விதை என்ன, பொத்தானா? டப்பாவில் கிடந்தபடியே கிடக்க? வருஷத்துக்கு வருஷம் உயிர் குறையும். இந்தப் பருவத்தில் போட்டால் உண்டு, விட்டால் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கு வேறு பேராசை ஒன்றும் இல்லை. அந்தக் கொடியில் ஒரே ஒரு தடவை இன்னும் காய் பறித்து, புது விதை எடுத்து டப்பாவை நிரப்பிவிட வேண்டும்.

"ஏங்க, நாலு பலகை வாங்கி, ஒரு வண்டி நல்ல மண்ணு இறக்கி, இடுப்பு உசரத்துக்கு ஒரு பாத்தி கட்டிட்டா நான் நின்னுக்கிட்டே போட்டுருவேன்" என்றாள் ஒருநாள். மண் வண்டிக்காரரின் நம்பரைக்கூட ஒரு வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். காசு இவள் தைத்த காசு. அவரிடம் கேட்க வேண்டியதே இல்லை.

ஓசியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மண்ணையா? காசு குடுத்தா? அடியேய், உலகம் பூரா கிடக்குறதே மண்ணுதான்!"

"உலகத்துல கிடக்குற மண்ணு நம்ம வீட்டுக்குத் தானா நடந்து வருமா?"

"நான் கொண்டாறேன். பலகையும் நானே கொண்டாறேன். நீ அந்த வண்டிக்காரனுக்கு மட்டும் போன் போடாத."

சொன்னதோடு நிற்கவில்லை மனுஷர். மேஜைமேல் கிடந்த அவளுடைய டேப்பை எடுத்தார். அவளைக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கச் சொல்லி, கீழே மண்டியிட்டு, தரையிலிருந்து அவள் இடுப்பு வரைக்கும் டேப்பைப் பிடித்தார். முழங்கையை மடக்கச் சொல்லி, மண்ணைக் கிளறுவதுபோல் கையை ஆட்டச் சொல்லி, ஒரு விரல்கடை குறைத்து மறுபடி பிடித்தார். "இதான் உனக்குச் சரியான உசரம்" என்றார்.

ஊருக்கெல்லாம் அளவெடுத்தவளுக்கு அதுவரை யாரும் அளவெடுத்ததில்லை. அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கண் கலங்குவதை அவர் பார்த்துவிடக் கூடாதே என்று கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். நம்பர் எழுதிய துண்டுத்தாளைத் தேடவே இல்லை. அங்கேதான் அவள் ஏமாந்தாள்.

அப்புறம் ஆரம்பித்தது ஓசியாரின் ராஜ்யம். கிடங்குகளில் சரக்கு அடுக்க வைக்கிற மரச்சட்டங்களை உடைந்தவுடன் வெளியே தூக்கிப் போடுவார்கள் இல்லையா, அவற்றைத் தேடி மிதிவண்டியில் ஊரைச் சுற்றினார். எண்ணெய்க் கறை படிந்ததைத் தள்ளி, கரையான் அரித்ததைத் தள்ளி, நல்லதாகப் பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்தார். அந்த விஷயத்தில் அவரை ஒரு குறை சொல்ல முடியாது. கடப்பாரையால் நெம்பிப் பலகைகளைப் பிரித்தார். பிடுங்கிய ஆணிகளைக் கல்லில் வைத்துத் தட்டித் தட்டி நேராக்கினார். ஒரு ஆணியைக்கூட விடவில்லை. தட்டுகிற தட்டில் தெருவே பொறுமை இழந்தது. "என்ன மாமி, உங்க வீட்டுல கொல்லன் பட்டறை வச்சிருக்கீங்களா?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள்.

"எனக்குப் பாத்தி கட்டுறாரு" என்றாள் தையல்காரம்மா. சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு இருந்தது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் புருஷனுக்குப் பரிந்து அவள் பேசியதை அந்தத் தெரு அன்றைக்குத்தான் கேட்டது.

பெட்டி எழுந்து நின்றது. லேசாக ஒரு பக்கம் தொந்தி தள்ளியது, கம்பியால் இழுத்துக் கட்டினார். கிழிந்த தார்ப்பாயை உள்ளே விரித்தார். இடுப்புயரப் பெட்டி என்றால் வயிறு பெரிது, அத்தனைக்கும் மண் எங்கே போவது? அடியில் அட்டைப்பெட்டிகளைக் கிழித்துப் பரப்பினார். தெருமரத்தைக் கழித்தபோது விழுந்த கிளைகளை அதன்மேல் அடுக்கினார். நாலு வீட்டில் காய்கறித் தோல் கேட்டு வாங்கினார். அவளுடைய வெட்டுத்துணி மூட்டையையும் விட்டுவைக்கவில்லை.

"நைலான் மக்காதுங்க. பருத்தியை மட்டும் போடணும்" என்று அவள் நாற்காலியில் உட்கார்ந்து துணியைத் தடவித் தடவிப் பிரித்துக் கொடுத்தாள். அவர் வாங்கி வாங்கிப் போட்டார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அவள் கேட்காமலே இரண்டாவது டீ போட்டுக் கொடுத்தாள். அவரும் அதில் குறை சொல்லாமல் குடித்தார். பொய் சொல்லக் கூடாது, அந்த நாட்களில் அந்த வீட்டில் சந்தோஷம் இருந்தது.

பெட்டியில் பாதிக்குமேல் இன்னும் காலியாகத்தான் இருந்தது. ஒருநாள் மிதிவண்டியின் பின்னால் இரண்டு பெரிய சாக்கைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். முகமெல்லாம் பல். "விளையாட்டு மைதானத்துல வெட்டின புல்லு. மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. காவல்காரன் எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டான்."

நடை நடையாக நடந்து அந்த மலையைப் பெயர்த்துக்கொண்டு வந்தார். பெட்டிக்குள் புல் புழுங்கியது, கறுத்தது, அமுங்கியது. அமுங்க அமுங்க மேலே போட்டார். கடைசியில் வாய்க்கால் தோண்டின இடத்திலிருந்து வாரிவந்த மண்ணை மக்கின புல்லோடு கலந்து மேலாக நிரவினார். கறுகறுவென்று, பொலபொலவென்று, பார்க்கக் காப்பித்தூள் மாதிரிதான் இருந்தது. தையல்காரம்மா பெட்டியோரம் வந்து நின்று கையை வைத்துப் பார்த்தாள். முதுகு வளையவில்லை, முழங்கால் முனகவில்லை. அளவு அச்சாகப் பொருந்தியிருந்தது.

துணி வெட்டுகிறவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முழுத் துணியையும் ஒருநாளும் வெட்ட மாட்டாள். தையலுக்கு விட்டு, பிரித்துத் தைக்க விட்டு, தப்பிப்போனால் ஒட்டுப்போட ஒரு துண்டை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் கத்தரியை எடுப்பாள். விதையிலும் பாதியை ஒதுக்கித்தான் வைத்தாள். ஓசியார் எட்டிப் பார்த்தார்.

"பழைய விதை. அடுத்த வருஷம் இதுவும் செத்துரும். எல்லாத்தையும் போடு. நான் செஞ்சு வச்சிருக்குற மண்ணுக்குக் கல்லைப் போட்டாலும் முளைக்கும்."

ஒரு கணம் யோசித்தாள். மூன்று மாதம் இந்த மனுஷன் தனக்காக நாயாய் அலைந்ததை நினைத்தாள். பாதியை எடுத்து வைத்தால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடாதா? ஒதுக்கிய பாதியையும் தண்ணீரில் கொட்டி ஊறவைத்தாள். ஒன்றே ஒன்று மட்டும் மிதந்தது. வண்டு துளைத்த விதை, உள்ளே வெறும் கூடு. அதைத் தூக்கி எறிய மனசு வராமல் துடைத்து டப்பாவிலேயே போட்டுவைத்தாள்.

முளைத்தது. அத்தனையும் இல்லை, ஆனாலும் ஏமாற்றவில்லை. காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் போய் நின்று பார்ப்பாள். "வந்துட்டியாடி?" என்று ஒவ்வொன்றையும் கேட்பாள். தங்கச்சியே வந்து வரிசையாய் நிற்பதுபோல் இருந்தது அவளுக்கு.

மூன்றாவது இலை விடும்போதுதான் கோளாறு தெரிந்தது. இலை விரியவில்லை. கிண்ணம்போல் குவிந்து, ஓரம் சுருண்டு நின்றது. அடுத்து வந்த இலை வால்போல் நீண்டு, குச்சியாய்ச் சூம்பியது. தண்டு திருகிக்கொண்டது. பூச்சியா என்று இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒரு பூச்சியும் இல்லை. சாம்பல் தூவினாள். வேப்பெண்ணெய் தெளித்தாள். ஓரத்தில் வைத்த தக்காளி நாற்றும் அதேபோல் கையைக் காலை முறுக்கிக்கொண்டது.

"விதை பழசுன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார் ஓசியார்.

"தக்காளி புது நாத்துங்க."

"அப்ப நீ தண்ணி ஊத்துன லட்சணம். சில பேரு கை அப்படி. எம் பாத்தியில ஒரு குறையும் இல்ல."

தன் கைதான் விளங்காத கை போலிருக்கிறது என்று அவளே நம்பத் தொடங்கியிருந்தாள். அந்தக் கையால்தான் ஊருக்கே உடுப்பு தைத்தாள் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை. செடிகள் ஒவ்வொன்றாய்க் கருகி முடிகிற வரைக்கும் தினமும் போய் நின்றாள். கடைசிச் செடியும் படுத்த அன்றைக்கு உள்ளே வந்து, ஒரு சட்டைக்குக் காலர் வைத்துத் தைத்தாள். காலர் கோணலாகப் போய், பிரித்து மறுபடி தைத்தாள்.

பாத்தி சும்மா கிடப்பதை ஓசியார் பொறுப்பாரா? கோழித் தீவனக் கடை வாசலில் சிந்தியிருந்த மக்காச்சோளத்தைக் கூட்டி அள்ளிக்கொண்டு வந்து ஊன்றினார். அது வந்தது பாருங்கள் ஒரு வரத்து! வாள் வாளாய் இலை, விரல் தடிமனுக்குத் தண்டு, வாரத்துக்கு ஒரு முழம் உயரம். ஓசியாரைக் கையில் பிடிக்க முடியவில்லை. தெருவில் போகிறவன் வருகிறவனையெல்லாம் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு வந்து காட்டினார். காட்டினாரே தவிர யாருக்கும் கொடுக்கவில்லை. "ஒரு காசு செலவில்ல. இப்ப தெரியுதா, தப்பு மண்ணுலயா கையிலயான்னு?" என்பார் அவள் காதில் விழுகிற மாதிரி. வந்தவர்களும் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

கதிர் பிடித்திருந்த சமயம், மைதானத்துக் காவல்காரர் கால்சட்டைக்கு நீளம் குறைக்க வந்தார். ஓசியார் வீட்டில் இல்லை. அவள் அவரைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்திச் சாக்குக்கட்டியால் குறி போட்டுக்கொண்டிருந்தாள். திறந்திருந்த பின்கதவு வழியாக அவர் பாத்தியைப் பார்த்துவிட்டார்.

"அட, சோளம் போட்டுட்டீங்களா? பரவாயில்லக்கா, விவரமாத்தான் இருக்கீங்க. அந்தப் புல்லுல வேற எது போட்டாலும் விளங்காது."

சாக்குக்கட்டி நின்றது. "ஏன் தம்பி?"

"களைக்கு மருந்து அடிக்கிறோம்ல. புல்லையும் புல்லுச் சாதியையும் விட்டுட்டு மத்த எல்லாத்தையும் சுருட்டிக் கொன்னுரும். மக்கினாலும் போகாது. சோளமும் புல்லுச் சாதிதானே, அதான் ஜம்முனு நிக்குது. அண்ணன்கிட்ட மொத மூட்டை கட்டும்போதே சொன்னேனே. செடி கொடிக்குப் போட்டுராதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னாரு" என்றாள். ஏன் அந்தப் பொய் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் போன பிறகும் அந்தக் கால்சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கை விளங்காத கை என்று தன்னைத்தானே திட்டிக்கொண்ட நாட்களெல்லாம் ஒவ்வொன்றாய் வந்து முன்னால் நின்றன.

ஓசியார் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டாள். "மைதானத்துக்காரர் வந்துட்டுப் போனாரு. புல்லுல மருந்து இருக்குன்னு உங்ககிட்ட முன்னாடியே சொன்னாராமே?"

தட்டிலிருந்து அவர் தலையைத் தூக்கவில்லை. "சொன்னான். ஓசியில குடுக்குறவன் ஏதாவது ஒரு நொட்டை சொல்லத்தான் செய்வான். நம்மள விரட்டிட்டு அப்புறமா எவனுக்காவது விப்பான். எத்தனை பேரைப் பாத்திருக்கேன் நானு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"உங்கிட்ட சொன்னா? உடனே மண்ணு வண்டிக்காரனுக்குப் போன் போட்டிருப்பே."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! வாயில் சோறு இருந்தது, அதனால் பாதிதான் வெளியே வந்தது. பாதியே போதுமானதாக இருந்தது.

"அந்த விதை எந் தங்கச்சி விதைங்க. பாதிய எடுத்து வச்சேன். எல்லாத்தையும் போடச் சொன்னது நீங்க. மருந்து இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே சொன்னீங்க."

"இருக்கும்னு அவன் சொன்னான். இருக்குன்னு நான் கண்டேனா? விதைக்கா இப்படி மூக்கால அழுவுற? கடையில பாக்கெட் பாக்கெட்டா தொங்குது. வாங்கிக்கோ."

கல்யாணமான நாளிலிருந்து அந்த வாய் 'கடையில் வாங்கிக்கோ' என்று சொன்னது அன்றைக்குத்தான். மோட்டாருக்குச் சொல்லாத வாய், மண்ணுக்குச் சொல்லாத வாய். எழுந்து அந்தத் தட்டைப் பிடுங்கி வீச வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. சட்டென்று எழத்தான் கால் இல்லையே. "பாவி" என்று மட்டும் சொன்னாள். தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, சொம்பை அவள் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போனார்.

அதன் பிறகு அவள் கொல்லைப்பக்கம் போகவில்லை. பின்கதவைச் சாத்தியே வைத்தாள். கதிர் முற்றியது, ஓசியார் ஒடித்தார், அவித்தார், தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். அவள் தொடவில்லை. அவளுடையதையும் அவரே தின்றார். சோளக்கதிர் பல்லில் கரகரக்கிற சத்தம் முன்னறை வரைக்கும் கேட்டது.

ஒருநாள் சாயங்காலம் அவள் இழுப்பறையில் பொத்தான் தேடிக்கொண்டிருந்தாள். ஓசியார் சிரித்துக்கொண்டே வந்து, முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்ததை மேஜைமேல் டங்கென்று வைத்தார். அந்தத் தகர டப்பா. திறந்தாள். விளிம்பு வரைக்கும் மக்காச்சோளம், மஞ்சள் மஞ்சளாய்.

"அடுத்த வருஷத்துக்கு விதை. நல்லா காயவச்சுப் போட்டிருக்கேன். விதை விதைன்னு அழுதியே, இந்தா, டப்பா நிறைய வச்சுக்கோ. இன்னொரு பாத்தியும் கட்டப்போறேன் உனக்கு."

அவர் கேலி செய்யவில்லை. அதுதான் கொடுமை. உண்மையாகவே கொடுக்கத்தான் வந்திருந்தார்.

"இதுல ஒரு விதை இருந்துச்சே" என்றாள் அவள்.

"எது? அந்தப் பூச்சி தின்னதா? அது எதுக்கு ஆகும்? தூக்கிப் போட்டுட்டேன்."

"எங்க?"

"எங்க போடுவேன்? வீணாக்குவேனா? பாத்தியிலதான். மக்கி உரமாகட்டும்."

டப்பாவைக் கவிழ்த்தாள். சோளம் சிதறித் தரையெல்லாம் உருண்டது. "அடியேய், அடியேய்!" என்று அவர் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, கதவைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாய் வைத்துப் பின்கதவைத் திறந்துகொண்டு போனாள்.

காய்ந்த தட்டைகளை விலக்கினாள். மண்ணுக்குள் கையை விட்டாள். கறுப்பு மண்ணில் கறுப்பு விதையை எங்கே தேடுவது? ஒரு கைப்பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக் கீழே விட்டாள். அடுத்த பிடி அள்ளினாள். கூடுதான் அது, முளைக்காது, அவளுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் தேடினாள். கண்ணீர் மூக்கு வழியாகவும் இறங்கியது, துடைக்கக் கை சுத்தமாக இல்லை. வெட்டுத்துணி ஒன்று மக்காமல் நூலும் சுருளுமாய் விரலில் மாட்டியது. அதை உதறிவிட்டு மறுபடி கையை விட்டாள். இருட்டுகிற வரைக்கும் நின்றிருப்பாள் போல. ஒரு தடவைகூட அவள் குனிய வேண்டியிருக்கவில்லை, ஒரு தடவைகூட முழங்கால் வலிக்கவில்லை.

பொறுக்கின சோளத்தை வேட்டி மடியில் கட்டிக்கொண்டு ஓசியார் பின்வாசலில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார்.

"பாத்தியா" என்றார், "உசரம் எவ்வளவு கச்சிதமா வச்சிருக்கேன்."

அவள் திரும்பவில்லை. இன்னொரு பிடி மண்ணை அள்ளினாள்.